எழுத்தே தொழில் என்றால்: முறியாத தினசரி வழக்கத்தை அமைத்துக்கொள்வது எப்படி

பத்து நாள் வெறி பிடித்தாற்போல எழுதுவது, பிறகு இருபது நாள் லேப்டாப்பைத் திறக்கவே மனம் வராமல் கிடப்பது. எழுதிப் பிழைக்கிறவர்களிடம் அடிக்கடி தென்படுகிற கோளாறு இது. சோம்பேறி என்று தன்னையே திட்டிக்கொண்டு பயனில்லை. பெரும்பாலும் போட்ட திட்டமே தப்பாக இருக்கும். எல்லாம் நல்லபடியாக ஓடிய ஒரு வாரத்தை மனதில் வைத்து அளவு குறித்திருப்பார்கள். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல், பங்காளி வீட்டுக் கல்யாணம், கரண்ட் கட், வராத பணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற வாரத்துக்குத்தான் அளவெடுக்க வேண்டும். அந்த வாரத்தையும் தாங்குகிற வழக்கம் மற்ற வாரங்களில் தானாக நிற்கும்.

சேலம் வட்டாரத்தில் இருந்துகொண்டு பத்திரிகைக்கு, சீரியலுக்கு, யூடியூப் சேனலுக்கு எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், நாவல் எழுதுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். எழுத்து மாதச் சம்பள வேலையாக இருப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. டி.ஆர். சுந்தரம் 1930களில் இங்கே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் மு. கருணாநிதியும் கண்ணதாசனும் வேலை செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு நிறுவனத்தில் வேலை என்றால் நேரத்தையும் இடத்தையும் நிறுவனமே முடிவு செய்துவிடும். வீட்டிலிருந்து எழுதுகிறவர் அந்த இரண்டையும் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சிக்கல் முழுக்க அங்கேதான்.

முதல் பத்து நாள் அளந்து மட்டும் பாருங்கள்

இலக்கு எதுவும் வைக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், என்ன எழுதினீர்கள், எத்தனை சொல், ஏன் நிறுத்தினீர்கள். கடைசி நெடுவரிசைதான் முக்கியம். “போன் வந்தது”, “அடுத்து என்ன என்று தெரியவில்லை”, “முதுகு வலி”, “அம்மா ரேஷன் கடைக்கு அனுப்பினார்” என்று உள்ளதை உள்ளபடி குறியுங்கள். ஒன்றும் எழுதாத நாளுக்கும் சுழி போட்டு ஒரு வரி வேண்டும். மொபைலில் குறித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். குறிக்கத் திறந்த கை வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

பத்து நாள் முடிந்ததும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 0, 150, 220, 300, 350, 420, 480, 600, 750, 1,100.

பலர் கண் நேராக 1,100-க்குப் போகும். “நம்மால் முடியும்தானே” என்று தினம் ஆயிரம் சொல் என எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். ஒரே வாரத்தில் அது கிழியும். சராசரியும் ஏமாற்றும். இந்தப் பட்டியலின் சராசரி 437. ஆனால் பத்தில் ஆறு நாள் அதைத் தொடவே இல்லை. நீங்கள் எடுக்க வேண்டியவை இரண்டு எண்கள். கீழிருந்து மூன்றாவது எண் 220. அதை 200 ஆக்கினால் உங்கள் அடிமட்டம். நடுவில் நிற்கிற 350-க்கும் 420-க்கும் இடைப்பட்டது 385. அதை 400 ஆக்கினால் வழக்கமான நாளின் அளவு. அடிமட்டம் என்பது எப்பேர்ப்பட்ட நாளிலும் விடாதது. 200 எழுதிவிட்டால் அன்றைய கடமை முடிந்தது, குற்ற உணர்ச்சி இல்லாமல் எழுந்துவிடலாம். 400 என்பது எட்டினால் மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

சொல் எண்ணிக்கையில் தமிழுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. “வந்துகொண்டிருந்தார்” என்பதைச் சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்தால் மூன்று. சேர்த்தோ பிரித்தோ, ஒரே முறையில் எழுதுங்கள், கணக்கு ஒழுங்காக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்லும் தினசரி எண்ணைப் பார்த்து மனம் தளராதீர்கள். வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் ஒட்டிக்கொள்வதால் அதே விஷயம் தமிழில் குறைந்த சொற்களில் அடங்கிவிடும்.

வாய்ஸ் டைப்பிங்கில் சொல்கிறவர்கள் திருத்தி முடித்த சொற்களை மட்டும் எண்ணுங்கள். அரை மணி நேரம் பேசினால் பக்கம் பக்கமாக நிற்கும். ஆனால் ல, ழ, ள குழப்பத்தையும் இல்லாத முற்றுப்புள்ளிகளையும் சரிசெய்ய அதைவிட அதிக நேரம் பிடிக்கலாம்.

நேரத்தை வெயில் முடிவு செய்யட்டும்

பங்குனி, சித்திரையில் சேலத்து மதியத்தில் 38, 40 டிகிரி சாதாரணம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். பகலெல்லாம் குடித்த சூட்டைக் காங்கிரீட் தளம் இரவில்தான் கக்கும். “ராத்திரி எல்லாரும் தூங்கினதும் எழுதிக்கலாம்” என்ற திட்டம் மாசியோடு செத்துப்போவதற்கு இதுதான் காரணம். மேல் அறையில் இரவு 11 மணி வரை புழுக்கம் இறங்காது.

ஆகவே கோடையில் புது எழுத்துக்கு உகந்த நேரம் காலை 5.30 முதல் 7.30 வரை. பால்காரர், வாசல் தெளிப்பு, பள்ளி வேன் எல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது கிடைக்கும். காலையில் எழவே முடியாதவர்கள் கீழ்த்தள அறையில் இரவு 9 முதல் 10.30 வரை வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஒரே நேரமாக இருக்கட்டும். இன்று காலை, நாளை இரவு என்று மாற்றினால், எப்போது உட்காரலாம் என்ற யோசனையிலேயே நாள் கழிந்துவிடும். மதியம் 1 முதல் 4 வரை மூளையை வேலை வாங்காதீர்கள். பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, மெயிலுக்குப் பதில், பில் போடுவது ஆகியவற்றுக்கு அந்த நேரம் போதும். வீட்டில் தாங்க முடியாவிட்டால் பக்கத்து நூலகத்துக்குப் போங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டை, குகை, தாதகாப்பட்டி பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தறிச் சத்தம் ஒரு பிரச்சினை. விடாமல் ஓடுகிற விசைத்தறி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, காது பழகிவிடும். நின்று நின்று ஓடும்போதுதான் கவனம் சிதறும். முதல் வரைவைத் தறி ஓடும் நேரத்திலேயே எழுதலாம். வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிற வேலையைத் தறி ஓயும் நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குப் போனால் மாலை 4 அல்லது 5 மணிக்குத்தான் வரும். எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்தப் பகுதி என்று நாளிதழில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். அந்த நாளைத் திருத்தும் நாளாக்கிவிடுங்கள். முந்தைய நாளே ஏ4 தாளில், 12 புள்ளி எழுத்தில், வரிகளுக்கு இடையே இரட்டை இடைவெளி விட்டு பிரின்ட் எடுத்து வையுங்கள். திரையில் பத்து தடவை தப்பித்த பிழை, தாளில் முதல் வாசிப்பிலேயே கண்ணில் குத்தும். மாதத்தில் ஒரு நாளாவது தாளில் படிக்க வைக்கிறது என்பதற்காகவே அந்த மின்தடையை வரவேற்கலாம்.

உட்கார்ந்த முதல் பத்து நிமிடம்

பலருக்கும் முறிகிற இடம் இதுதான். எழுதத் தெரியாமல் யாரும் நிற்பதில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல்தான் நிற்கிறார்கள். இதற்கு மருந்தை முந்தைய நாளே போட்டுவைக்க வேண்டும். தறியில் ஒரு பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்கள்) தீரும்போது நெசவாளர் இழைகளை முழுக்க உருவி எடுத்துவிடுவதில்லை. தறி அச்சில் (இழைகள் நுழைந்து நிற்கிற சீப்பில்) மிச்சம் நிற்கிற நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொள்வார். உருவிவிட்டால் எல்லா இழைகளையும் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். எழுத்திலும் ஒரு காட்சியை முழுக்க முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்து வரப்போவது தெரிந்திருக்கும்போதே, முடிந்தால் பாதி வாக்கியத்திலேயே, நிறுத்துங்கள். பிறகு அதே கோப்பின் கடைசியில் மூன்று வரிகள்:

எங்கே நிற்கிறேன்: செல்வி பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்துவிட்டாள்.
அடுத்து: அவன் பார்க்காதது போல் திரும்புகிறான். அவள் கூப்பிடுவதில்லை.
சந்தேகம்: ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மறுநாள் உட்கார்ந்ததும் நேற்றைய கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள். கை ஓடாவிட்டால் அந்தப் பத்தியை அப்படியே திரும்பத் தட்டச்சு செய்யுங்கள். மூன்றாவது நான்காவது வரியில் கை தானாகப் புதிய வாக்கியத்துக்குள் நுழைந்துவிடும். தொடக்கத்திலிருந்து படித்துத் திருத்திக்கொண்டே வருவதுதான் பெரிய பொறி. முதல் அத்தியாயம் இருபது தடவை மெருகேறியிருக்கும், ஐந்தாவது அத்தியாயம் பிறந்தே இருக்காது.

எழுதும்போது ஒரு தகவல் தெரியவில்லை என்றால் மூன்று கட்டக்குறி போட்டுவிட்டு நகருங்கள். “பஸ் ###-ஆவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது.” ஏற்காட்டுப் பாதையில் மொத்தம் 20 வளைவு என்பதைக் கூகுளில் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் தேடப் போனவர் ஏற்காட்டு ஹோட்டல் வாடகை, யாரோ எடுத்த பனிமூட்டப் படம், அதன் கீழே நடந்த சண்டை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப அரை மணி நேரம் ஆகும். மதிய வேலையில் ### என்று தேடினால் எல்லாச் சந்தேகமும் வரிசையாக வந்து நிற்கும். ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம்.

போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசைமேல் கவிழ்த்து வைப்பது போதாது. போனிலேயே எழுதுகிறவர்கள் அந்த நேரத்துக்கு டேட்டாவை அணைத்துவிட்டு, 25 நிமிடத்துக்கு ஒரு முறை கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுங்கள். மாதக்கணக்கில் கட்டைவிரலாலேயே தட்டினால் மணிக்கட்டு வரை வலி ஏறும். நீண்டகாலம் இந்தத் தொழிலில் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விசைப்பலகை வாங்கித் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். தமிழக அரசு 1999-இல் தரமாக ஏற்ற அமைப்பு அது. ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றுகிற முறையைவிட விசை அழுத்தங்கள் குறைவு. தினம் 20 நிமிடம் தனியாகப் பழகுங்கள். பழகும் நாட்களில் உண்மையான வேலையைப் பழைய முறையிலேயே செய்யுங்கள். இரண்டையும் கலந்தால் எண்ணிக்கை விழும், பயம் வரும், தமிழ்99-ஐயும் விட்டுவிடுவீர்கள்.

“வீட்லதான இருக்கற?”

வீட்டில் உட்கார்ந்து செய்வதை வேலை என்று ஊர் ஏற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். “தம்பி, வீட்லதான இருக்கற, பேங்குக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடு” என்பார் சித்தப்பா. கோபப்பட்டால் உறவு கெடும், போய்வந்தால் காலை கெடும். “பதினோரு மணிக்குப் போயிடறேங்க சித்தப்பா” என்று சொல்லிப் பழகுங்கள். முடியாது என்று சொல்லவில்லை, நேரத்தை மட்டும் நகர்த்துகிறீர்கள். தினம் இதே பதில் வந்தால் மூன்று நான்கு வாரத்தில் வீடே “பதினோரு மணிக்கு மேல கேளு” என்று பிறருக்குச் சொல்லத் தொடங்கும். பதினோரு மணிக்கு மறக்காமல் போய்வந்துவிட வேண்டும். அங்கே வாக்குத் தவறினால் இந்த ஏற்பாடு நிற்காது.

சமையலும் பிள்ளைகளும் தன் பொறுப்பாக இருக்கும் பெண்களுக்கு இந்த ஒரு பதில் போதாது, அதை ஒப்புக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்காவிட்டால், 40 நிமிடமாக இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றில் புது எழுத்து, மற்றொன்றில் திருத்தம். இரண்டிலும் புது எழுத்து என்று வைத்தால் இரண்டு தடவை சூடேற வேண்டியிருக்கும். எழுதும் இடம் சமையலறைக்கு எதிரில் இருக்க வேண்டாம். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே வாக்கியத்தை யோசிக்க முடியாது. அந்த 40 நிமிடத்துக்கு அடுப்பை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். மறைமுகமாகச் சலித்துக்கொண்டால் யாருக்கும் புரியாது.

ஆண்டைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தினசரிக் கணக்கு சரியாக இருந்தும் ஆண்டுக் கணக்கில் கவிழ்கிறவர்கள் உண்டு. ஆடி மாதம் சேலத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. கோட்டை மாரியம்மன் திருவிழா, தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவது, ஒலிபெருக்கி, குகையில் வண்டி வேடிக்கை, வீடு நிறைய விருந்தாளி. அதே சமயத்தில்தான் தீபாவளி மலருக்குக் கதை கட்டுரை கேட்டு அழைப்பு வரத் தொடங்கும். ஆகவே மலருக்கு உரியதை ஆனியிலேயே வரைவாக முடித்து வையுங்கள். ஆடியில் அடிமட்டம் 200 மட்டும், அதற்கு மேல் ஒரு சொல்லும் எதிர்பார்க்க வேண்டாம்.

பொங்கலையொட்டி நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டும் என்றால், டிசம்பரில் அச்சு, அக்டோபர் நவம்பரில் மெய்ப்புத் திருத்தமும் அட்டையும். இறுதிப் பிரதி செப்டம்பர் முடிவுக்குள் பதிப்பகத்தின் கையில் இருக்க வேண்டும். நவம்பரில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவசர மெய்ப்பு, அட்டையிலேயே பிழை.

நாவலும் கூலி வேலையும் சேர்ந்து ஓட வேண்டுமானால் கணக்கை எழுதிப் பாருங்கள். மாதம் 24 நாள், நாளுக்கு 400 என்றால் 9,600 சொல். இதில் 200 உங்கள் சொந்த நாவலுக்கு: மாதம் 4,800. 60,000 சொல் நாவலின் முதல் வரைவுக்குப் பன்னிரண்டரை மாதம். மிச்சம் 4,800-தான் கூலி வேலைக்கு. அதிலும் ஒரு பங்கு திருத்தத்துக்குப் போகும். அதற்கு மேல் வேலையை ஏற்றுக்கொண்டால் முதலில் சாவது நாவல்தான். அது போதாது, வருமானம் இடிக்கிறது என்றால் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது நாவலுக்கு 100 ஆக்குங்கள். இரண்டும் செய்யாமல் மன உறுதியால் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சொந்த எழுத்தை முதலிலும் கூலி எழுத்தைப் பிறகும் செய்யுங்கள். கெடு தேதி இருப்பதால் கூலி வேலை எப்படியும் நடந்துவிடும்.

1,500 சொல் கட்டுரைக்கு ஐந்து நாள் தேவை: ஒரு நாள் தகவல் சேகரிப்பு, இரண்டு நாள் வரைவு, ஒரு நாள் தொடாமல் ஆறப்போடுவது, கடைசி நாள் வாய்விட்டுப் படித்துத் திருத்துவது. ஆசிரியரிடம் ஏழு நாள் கேளுங்கள். ஆறப்போடும் நாளை யாரும் மதிப்பதில்லை, ஆனால் கட்டுரை தேறுவது அந்த நாளில்தான்.

ஏற்காட்டுக்குப் போய் எழுதலாமா?

போகலாம், எதற்குப் போகிறோம் என்று தெரிந்தால். சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர்ச்சி, அமைதி எல்லாம் உண்மை. ஆனால் முதல் வரைவு எழுத அங்கே போனால் முதல் நாள் வேடிக்கையிலும் கடைசி நாள் கிளம்புவதிலும் போய்விடும். முழுப் பிரதியையும் ஒரே மூச்சில் படித்து, எந்த அத்தியாயம் முன்னே, எது பின்னே என்று தீர்மானிக்கத்தான் மலை ஏற வேண்டும். வீட்டில் அந்த வேலைக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போலக் கிடைக்காது. திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். சனி ஞாயிறும், கோடை விழா நடக்கிற மே மாதமும் வேண்டாம். கூட்டமும் வாடகையும் தாங்காது. கனமழை காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை அடைபடுவதுண்டு, கெடு தேதிக்கு முந்தைய வாரம் ஏறாதீர்கள். பனியில் தாள் நமத்துப்போகும், மைப்பேனா ஊறும். பால்பாயின்ட் பேனாவோ பென்சிலோ எடுத்துக்கொண்டு, பிரதியை ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

சேர்வராயன் மலையிலேயே குடியிருந்து காப்பித் தோட்டமும் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கார்த்திகை முதல் தை வரை பழம் பறிப்பு. அந்த மாதங்களில் அடிமட்டம் போதும். நீண்ட வேலையை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போனால்

பாக்கியை அடைக்காதீர்கள். நேற்று 400 விட்டது என்று இன்று 800 எழுத உட்கார்ந்தால் 300-இல் களைத்து, பாக்கி 900 ஆகி, மூன்றாம் நாள் நோட்டைத் திறக்கவே பயமாகிவிடும். விட்டது விட்டதுதான். மறுபடி தொடங்கும்போது மூன்று நாள் அடிமட்டம் மட்டும் எழுதுங்கள், கை சரளமாக வந்தாலும் 200-இல் நிறுத்துங்கள். அந்த மிச்சப் பசி நான்காம் நாள் உதவும்.

தொடர்ந்து இரண்டு நாள் விட்டால் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் விஷயம் போதாமல் இருக்கும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறை பற்றிய கட்டுரை மூன்றாம் பத்தியில் நின்றுபோனால், வளையங்களைப் பற்றவைக்கும் இடத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கு மேசையில் இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பயனில்லை. பட்டறைக்குப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள், நெருப்பை எவ்வளவு கிட்டத்தில் பிடிக்கிறார்கள், கண்ணுக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள், மூன்றாம் பத்தி வந்துவிடும். உடம்புக் காரணமாக இருந்தால் நாற்காலி உயரத்தையும் தூக்கத்தையும் பாருங்கள்.

மூன்றாவது காரணம் பணம். போன வேலைக்கே காசு வராதபோது புது வேலையில் கை ஓடாது, இதை யாரும் சோம்பலில் சேர்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் 3 மணி முதல் 4 வரை பணத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். தலைப்பு, வெளியான தேதி, பேசிய தொகை, பில் அனுப்பிய தேதி, வந்த தேதி என்று ஒரு பட்டியல். முப்பது நாள் தாண்டியவற்றுக்கு நினைவூட்டல்: “வணக்கம் சார். ஐப்பசி இதழில் வந்த கட்டுரைக்கான தொகை இன்னும் வரவில்லை. பில்லை மறுபடி இணைத்திருக்கிறேன். எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.” கெஞ்சலும் வேண்டாம், குத்தலும் வேண்டாம், தேதியைக் கேளுங்கள். பிறர் பெயரில் வரப்போகிற நூலை எழுதிக் கொடுப்பதானால் பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள்.